இடது கால் அம்மாவுக்கு, வலது கால் ஜாய்சிக்கு

செப்டம்பர் 3, 1996, செவ்வாய்

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எழுதுகிறேன். தலை இன்னும் ஈரம். இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகிக் கிடக்கின்றன.

காலையில் ஆற்றங்கரையில் குறுக்குத்துறை வரை ஓடிவிட்டுத் திரும்பும்போது வலது கால் பிடித்துக்கொண்டது. ஒரு மருத மரத்தில் கையை ஊன்றி நின்றேன். நின்றதும் முதலில் செய்த காரியம், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. ஏன் இப்படி?

அம்மா வெந்நீரை என் காலில் ஊற்றிக்கொண்டே, "ஆம்பளப் பயலுவகூட இப்படி ஓட மாட்டானுவ. காலு என்ன இரும்பாட்டி?" என்றாள். கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் இருந்து அப்பா அம்மாவிடம் சொன்னார்: "விடு கோமு. இந்த வருசம் மட்டுந்தானே."

ஜூனில், நான் எம்.ஏ. வரலாறு சேர்ந்த அன்று வீட்டில் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அணிக்கு ஆள் எடுக்க நவம்பரில் நடக்கும் தேர்வு ஓட்டத்தில் முதல் ஆறு பேருக்குள் வராவிட்டால் ஓட்டத்தை விட்டுவிட வேண்டும். வந்தால், பல்கலைக்கழக அணியோடு வெளியூர் போய் ஓடிவிட்டு வந்து, அதோடு விட்டுவிட வேண்டும். இரண்டு வழியும் ஒரே வாசலில்தான் போய் முடிகின்றன என்பதைத் தலையாட்டும்போது நான் கவனிக்கவில்லை. இவ்வளவு படித்து என்ன பயன்!

எப்படியும் அந்த ஆறு பேரில் ஒருத்தியாக வர வேண்டும். வெளியூர் மண்ணில் ஒரு தடவையாவது.

செப்டம்பர் 6, வெள்ளி

பாளையங்கோட்டையில், கல்லூரி மைதானத்தில், ஞானசிகாமணி சார் கூப்பிட்டார். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். பெண்கள் அணிக்குக் களைப்பு நீக்கும் சாதனங்கள் வாங்கிக்கொள்ளப் பல்கலைக்கழகம் அனுமதி தந்திருக்கிறதாம். மதுரையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து, வழவழவென்று ஒரு படப் புத்தகமும் அதிர்வு எந்திரம் ஒன்றும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்திரத்தில் ஒரு தூண், ஒரு மோட்டார், ஒரு வார்ப்பட்டை. பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டால் சதையைக் குலுக்கும்.

"நீதானம்மா லைப்ரரியக் காலி பண்ணுதவ. எது நம்ம பிள்ளைகளுக்கு ஆகும், எது ஆகாதுன்னு படிச்சு, போட்டுப் பாத்து, எழுதிக் குடு. நான் பாட்டுக்கு வாங்கிப் போட்டா இங்கனயே துருப்புடிச்சுக் கெடக்கும்."

என் கால் வலி சாருக்குத் தெரியாது. சொன்னால் ஓய்வு என்பார். ஓய்வு என்றால் வேறொருத்தி முந்துவாள். இந்த வேலை வந்தது நல்லதாயிற்று. அணிக்குத் தேடுகிற சாக்கில் எனக்கும் தேடிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 9, திங்கள்

ஜாய்சி ஐஸ் கொண்டுவந்தாள். என்னோடு ஓடுகிறவள், ஹாஸ்டலில் இருக்கிறாள், ஊர் புன்னைக்காயல். மார்க்கெட்டில் மீன் விற்கிற அவள் ஊர் அக்கா ஒருத்தி, பாதி ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தந்திருக்கிறாள். ஹாஸ்டல் பின்பக்கத்துத் துணி துவைக்கும் தொட்டியில் அதை உடைத்துப் போட்டுக் காலை விட்டோம். விட்ட கணத்தில் உயிர் உச்சிக்குப் போயிற்று.

"எடுக்காதளா, வையி! ஐஸுல வச்ச மீனே கெடாது. ஒங் கால் மட்டும் கெட்டா போவும்?"

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"ஏட்டி, என்ன மீன் நாத்தம் நாறுது?"

"பஸ்ஸுல கூடைக்காரி பக்கத்துல நின்னாம்மா."

"பக்கத்துல நின்னா சேலைல நாறும். ஒனக்குக் கால்லல்லா நாறுது?"

கிணற்றடியில் சீயக்காய்த் தூளைப் போட்டுக் காலைத் தேய்த்தேன். வெங்காயத்தையே வெள்ளிக்கிழமை சேர்க்காத வீடு இது.

செப்டம்பர் 10, செவ்வாய்

நூலகத்தில் விளையாட்டு மருத்துவம் பற்றி இரண்டு புத்தகங்கள்தான் இருக்கின்றன. ஒன்று சூடு நல்லது என்கிறது. மற்றது குளிர்ச்சி நல்லது என்கிறது. இரண்டையும் எழுதியவர்கள் டாக்டர்கள். இரண்டிலும் புன்னகைக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் கால் படம்.

அம்மாவோ சூட்டின் கட்சி. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கிறாள், கை பொறுக்காத சூடு. ஜாய்சி குளிரின் கட்சி. இருவருக்கும் தங்கள் வைத்தியத்தில் துளிச் சந்தேகம் இல்லை. எனக்கு எதைப் படித்தாலும் சந்தேகம்தான் கூடுகிறது.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இடது கால் அம்மாவுக்கு, வலது கால் ஜாய்சிக்கு. இரண்டு வாரம். எது முதலில் தேறுகிறதோ அந்தக் கட்சிக்கு என் ஓட்டு.

செப்டம்பர் 13, வெள்ளி

நேற்றிலிருந்து கிணற்றடி அறையில் இருக்கிறேன். தனிப் பாய், தனித் தட்டு, மூன்று நாளைக்கு எதையும் தொடக்கூடாது, கூடத்தின் வழியே நடக்கக்கூடாது. கல்லூரிக்குப் பின்வாசல் வழியாகச் சந்தில் இறங்கிப் போய் வர வேண்டும்.

பத்தாவது படிக்கும்போது இதை எதிர்த்து அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். அழுதிருக்கிறேன். இப்போது வாயைத் திறப்பதில்லை. காரணம் இருக்கிறது. இந்த மூன்று நாளும் என்னை யாரும் எழுப்புவதில்லை, தேடுவதில்லை. கோலம் இல்லை, பால் வாங்கப் போக வேண்டாம், "வெளிச்சம் வந்தப்பொறவு போனாப் போதும்" என்று சொல்ல ஆள் இல்லை. இருட்டோடு பின்வாசலைத் திறந்துகொண்டு போனால் குறுக்குத்துறை தாண்டி, கருப்பந்துறை தாண்டி, ஆற்றோடு இஷ்டம்போல் ஓடலாம். சாயங்காலம் மைதானத்தில் மறுபடியும். ஒதுக்கி வைக்கிறார்களா, வைக்கட்டும். மாதத்தில் இந்த மூன்று நாள்தான் என் கால் எனக்கே சொந்தம்.

வயிறும் இடுப்பும் வலித்தால் வலிக்கட்டும். இன்று காலை நாணல் பூத்திருந்தது. ஒரு மனிதர் இல்லை.

செப்டம்பர் 18, புதன்

மாடிப்படியில் பின்பக்கமாக இறங்க வேண்டியிருக்கிறது. இரண்டு காலும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சோதனை முடிந்தது. அம்மாவின் காலும் ஜாய்சியின் காலும் ஒரே மாதிரி வலிக்கின்றன. ஐஸ் வைத்த கால் அன்றைக்குச் சற்று சுகம். ஒத்தடம் வைத்த கால் மறுநாள் சற்று சுகம். அவ்வளவுதான். நாலாவது நாள் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

ஜாய்சியிடம் சொன்னேன். "அப்ப தலைக்கு ஐஸ் வையி. அங்கனதான் சூடு" என்றாள்.

செப்டம்பர் 25, புதன்

சாரின் அறையில் அதிர்வு எந்திரம். ஒரு காலுக்குப் பத்து நிமிடம். மோட்டார் கர்ரென்றது. மேஜை மேலிருந்த கோப்பைகள் எல்லாம் கூடவே ஆடின. ஆனால் கால்! கெண்டைச்சதை நெய் மாதிரி இளகிவிட்டது. பஸ் ஏறி டவுணில் வீடு வந்து சேர்ந்தும் தரையில் கால் படுவதாகவே தெரியவில்லை. இதுதான். இதைத்தான் வாங்கச் சொல்லி எழுதப் போகிறேன்.

செப்டம்பர் 26, வியாழன்

வலியே இல்லாமல் முழு வேகத்தில் ஓடினேன். சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

செப்டம்பர் 28, சனி

நிற்க முடியவில்லை. வலது காலில், கெண்டைச்சதைக்கும் எலும்புக்கும் நடுவில், விரல் வைத்தால் உயிர் போகிறது.

இந்த எந்திரம் என்ன செய்தது? சதையை ஆற்றியதா, சதை பேசுவதை என் காதில் விழாமல் அடைத்ததா? வலியில்லை என்றதும் வேகமாக ஓடினேன். ஓடியது நான்தான். அது வெறுமனே ஆடியது.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. வீட்டில் இருந்ததால் வந்த வினை. புத்தகத்தில், உருளையான கட்டையால் சதையை மேலிருந்து கீழாக உருட்டலாம் என்று ஒரு படம் இருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அடுக்களையில் இருந்து பூரிக்கட்டையை எடுத்துக் காலில் உருட்டிக்கொண்டிருந்தேன். நன்றாகவே இருந்தது. காந்திமதி அம்மன் குங்குமத்தோடு அம்மா வாசலில் நின்றதைக் கவனிக்கவில்லை.

"அடிப் பாவி! திங்குத சாமான்லயா?"

பூரிக்கட்டை கிணற்றடிக்குப் போயிற்று. அடுக்களைக்கு அது இனி ஆகாது. எனக்கு என்று ஆகிவிட்டால் நல்லதுதான், ஆனால் அம்மா அதை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். அவள் வீட்டில் பூரி ருசியாக இருக்கட்டும்.

அப்பா மட்டும் அடக்கிச் சிரித்தார். பேப்பர் ஆடியது.

அக்டோபர் 7, திங்கள்

பூரிக்கட்டைக் கதையைக் கேட்டு ஹாஸ்டலே சிரித்ததாம். ஜாய்சி ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், அவள் அப்பாவின் உடைந்த துடுப்பில் காம்பை மட்டும் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறாள். முழங்கை நீளம். எத்தனையோ வருடம் கை பட்டுப் பட்டு மரம் கண்ணாடியாக இருக்கிறது.

"இது திங்குத சாமான் இல்ல. தைரியமா உருட்டு" என்றாள்.

உருட்டுகிற வேகமும் அழுத்தமும் நம் கையில் இருக்கிறது. வலிக்கிற இடம் வந்தால் கை தானாகப் பைய நிற்கிறது. எந்திரம் நிற்காது.

அக்டோபர் 11, வெள்ளி

கிணற்றடி அறை, இரண்டாம் நாள். காலையில் கருப்பந்துறை தாண்டி ஓடினேன். சாயங்காலம் மறுபடியும். நவம்பருக்கு அதிக நாள் இல்லை.

அக்டோபர் 16, புதன்

நொண்டினேன். மறைக்க முடியவில்லை. சாரே பார்த்துவிட்டார். "எலும்புல கீறலா இருக்கப் போவுது. படம் எடுத்துப் பாக்காம இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார்.

எலும்பில் கீறல் என்றால் மூன்று மாதம். மூன்று மாதம் என்றால் முடிந்தது. இந்த வருசம் மட்டும் என்பதில் இந்த வருசமும் போயிற்று.

நாவல்களில் இப்படி ஓர் இடம் வரும்போது நான் அடுத்த பக்கத்தை எட்டிப் பார்ப்பதுண்டு. இங்கே எட்டிப் பார்க்க வழியில்லை. பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லப் பிடிக்கவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன்.

அக்டோபர் 17, வியாழன்

கீறல் இல்லை! கீறல் இல்லை!

பாளையங்கோட்டையில் ஓர் எலும்பு டாக்டரம்மா. படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். என் எலும்பு எவ்வளவு சுத்தமாக, மெல்லிசாக, வெள்ளைச் சாம்பிராணிப் புகை மாதிரி இருந்தது. சதையில்தான் கோளாறு, களைத்துப் போயிருக்கிறது என்றார். அம்மா கூட வந்திருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் திட்டுகிறவள் இவ்வளவு பயந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அது நடந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "ஓய்வு எடுத்துக்கிறியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா: "அதுல ஒரு கொறையும் இல்ல டாக்டரம்மா. மாசத்துல மூணு நாள் முழுசா ஒக்காந்துதான் இருப்பா. ஒரு துரும்ப எடுத்து அங்கிட்டுப் போட விடமாட்டேன்."

டாக்டரம்மா தலையசைத்து எழுதிக்கொண்டார். "அப்ப ஓய்வு இருக்கு. சத்துக் குறைவா இருக்கும்."

நான் மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்ல? அம்மாவை வைத்துக்கொண்டு, இல்லை டாக்டர், அந்த மூன்று நாள்தான் நான் ரெண்டு மடங்கு ஓடுகிறேன் என்றா?

சுண்ணாம்புச் சத்து மாத்திரை. முருங்கைக்கீரை. ஒரு வாரம் குறைத்து ஓட வேண்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

மாத்திரை சாப்பிடுகிறேன். கீரை சாப்பிடுகிறேன். துடுப்புக் காம்பு, ஐஸ், தைலம், காலில் இறுக்கிச் சுற்றும் மீள்பட்டை, வெந்நீர்ப் பை. என் அறை வைத்தியசாலை மாதிரி இருக்கிறது. கால் சுமாராக இருக்கிறது. சுமார் போதாது. நாகர்கோவில் பெண்கள் இரண்டு பேர் பறக்கிறார்களாம்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை. ஆறு செந்நிறமாகப் போகிறது. தேர்வு ஓட்டம் 16ஆம் தேதி, சனிக்கிழமை.

பின் சந்தில் நேற்று திருட்டு. அடுத்த வீட்டுக் கிணற்றடியிலிருந்து வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு வாங்கிவந்து எங்கள் பின்வாசலில் போட்டுவிட்டார். சாவி அம்மாவின் இடுப்பில்.

நவம்பர் 7, வியாழன்

சொல்லி வைத்த மாதிரி இன்று கிணற்றடி அறை. "நல்லவேளை, தீவாளியன்னைக்குத் தலைக்கு ஊத்திரலாம்" என்று அம்மாவுக்கு நிம்மதி. மழைக்கும் பண்டிகைக்கும் சேர்த்துக் கல்லூரி விடுமுறை.

"பின்வாசச் சாவியக் குடும்மா."

"நீ சாவியத் தொடக்கூடாதுல்லா?"

"அப்ப நீயே தெறந்து விடு."

"மழைல எங்கன போப்போற? பேசாம ஒக்காரு."

கூடத்தின் வழியாகவும் போக முடியாது. ஆக மூன்று நாள் சிறை. தேர்வுக்கு முந்தின வாரம்! நாகர்கோவிலில் மழை பெய்யாதா? அந்தப் பெண்களுக்கு வீட்டில் பூட்டு கிடையாதா?

நவம்பர் 8, வெள்ளி

அறைக்குள்ளேயே நின்ற இடத்தில் ஓடிப் பார்த்தேன்.

"ஏட்டி, என்ன தொம்மு தொம்முனு சத்தம்?"

"கரப்பான்ம்மா."

"கரப்பான் இம்புட்டுப் பெரிசா?"

நிறுத்திவிட்டேன். நூலகத்தில் எடுத்த தடித்த மொழிபெயர்ப்பு நாவலைப் பிரித்தேன். பனி, குதிரை வண்டி, நீளப் பெயர்கள். அடுக்களையில் முறுக்கு வேகிற வாசனை. படித்துக்கொண்டே தூங்கிப்போனேன். பகலில் தூங்கியது எந்த வருடமோ. எழுந்தபோது தட்டில் முறுக்கு இருந்தது. அம்மா தள்ளி நின்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நவம்பர் 9, சனி

தூங்கினேன். படித்தேன். அழுதேன், கொஞ்சம். மறுபடியும் தூங்கினேன்.

நவம்பர் 11, திங்கள்

நேற்று தீபாவளி. இன்று விடிந்ததும் முன்வாசல் வழியாக ஓடப் போனேன். மருத மரம் வரைக்கும் வலியை எதிர்பார்த்துக்கொண்டே ஓடினேன். வரவில்லை. திரும்பும்போது வரும் என்று நினைத்தேன். வரவில்லை. படித்துறையில் வெள்ளம் முருகன் கோயில் மண்டபத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. தெருவெல்லாம் வெடிக் காகிதம். என் கால் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. எங்கே போயிற்று அந்தக் கல்?

மாத்திரையா? கீரையா? முறுக்கா?

நவம்பர் 12, செவ்வாய்

மைதானத்தில் இன்னும் தண்ணீர். சாலையில் ஓடினோம். ஜாய்சி என்னைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்து கேட்டாள்:

"ஏளா, இந்த மாசம் ஒனக்கு வரலியா?"

"ஏன்? வந்தாச்சே. தீவாளிக்குத்தான் தலைக்கு ஊத்துனேன்."

"பொறவு ஏன் நொண்டல? மாசாமாசம் அது முடிஞ்ச வாரம்லா நீ நொண்டுவ!"

நான் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். அவள் கொஞ்சம் தூரம் போய்த் திரும்பி வந்தாள். "என்ன, புடிச்சிட்டா?" "இல்ல" என்றேன். இல்லை, பிடிபட்டது.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பின்வாசல், இருட்டு, கருப்பந்துறை, சாயங்காலம் மறுபடியும். சொல்லச் சொல்ல அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஒக்காருன்னு சொன்ன நாள்ல ரெண்டு மடங்கு ஓடிட்டு, ஓடுன காலுக்கு எங்கிட்ட ஐஸ் கேட்டியா?" என்றாள். பிறகு சிரித்தாள். நானும் சிரித்தேன். சாலையோரம் குத்தவைத்து உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

நவம்பர் 13, புதன்

யோசிக்கிறேன்.

அந்த வழக்கத்துக்கு நன்றி சொல்ல மாட்டேன். தொடாதே, நடக்காதே என்று மூலையில் வைப்பதற்குப் பெயர் ஓய்வு இல்லை. ஓய்வாக அது எப்போதாவது இருந்திருந்தால் நான் அதிலிருந்து தப்பி ஓடியிருக்க மாட்டேன்.

ஆனால் தப்பி ஓடியபோது என் காலையும் கூட இழுத்துக்கொண்டு ஓடினேன். அதைக் கேட்டேனா? ஐஸ், உப்பு, எந்திரம், பூரிக்கட்டை, துடுப்பு - இத்தனையையும் சோதித்தேன். எதுவும் செய்யாமல் இருப்பதை மட்டும் சோதிக்கவில்லை. அது அம்மாவின் பக்கத்தைச் சேர்ந்தது என்று நினைத்தேன்.

இருக்கட்டும். மனதில் இருந்து ஒரு மூட்டை இறங்கியிருக்கிறது. என் கால் பலவீனமான கால் இல்லை. மூன்று மாதமாக நான் பயந்தது அதற்குத்தான்.

மத்தியானம் தனியாக டாக்டரம்மாவிடம் போய், அன்று அம்மா சொன்னதைத் திருத்தினேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "உன்னை மாதிரி எத்தனை பேர் உள்ளதைச் சொல்லாமப் போயிருக்காங்களோ" என்றார். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. நாளையும் மறுநாளும் ஓடாதே என்றார்.

நவம்பர் 15, வெள்ளி

இரண்டு நாளாக ஓடவில்லை. யாரும் பூட்டவில்லை. இதுதான் கடினம்.

நவம்பர் 16, சனி

ஆறாவது.

கடைசி மேட்டில் ஏழாவதாக இருந்தேன். முன்னால் ஒரு மஞ்சள் பனியன். அந்தப் பெண் மூச்சு வாங்குவது கேட்டது. அவள் காலைப் பார்த்தேன் - பாதத்தைத் தட்டையாக வைத்து வைத்து ஓடினாள். எனக்கு அந்த நடை தெரியும். படியில் பின்பக்கமாக இறங்குகிறவளின் நடை. பாவமாக இருந்தது. ஆனாலும் முந்தினேன்.

ஜாய்சி மூன்றாவது. நான் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் என்னைத் தூக்கப் பார்த்து இருவரும் சேற்றில் விழுந்தோம். சார் தூரத்தில் நின்று கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வைதான் என்பார்.

பிறகு அந்த மஞ்சள் பனியன் பெண்ணைத் தேடிப் போனேன். சுரண்டையில் இருந்து வந்தவளாம். "வாரத்துக்கு எத்தனை நாள் ஓடுதீங்க?" என்று கேட்டேன். "எல்லா நாளும்க்கா" என்றாள், பெருமையாக.

நவம்பர் 20, புதன்

சாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்திரத்தை மதுரைக்கே அனுப்பிவிடலாம்: வலியை மறைக்கிறது, மறைந்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். ஐஸ் வேண்டும், ஐஸ் பெட்டியும் இரண்டு பெரிய தொட்டியும். ஐஸை ஃபேக்டரியில் இருந்தே வாங்க வேண்டும், சைவப் பிள்ளைகளின் அம்மாக்களுக்காக. வெந்நீர்ப் பை, மறுநாளுக்கு. மீள்பட்டை. துடுப்புக் காம்பு மாதிரி ஆளுக்கு ஒரு உருளைக் கட்டை, தச்சரிடம் சொல்லிச் செய்தால் போதும். இவற்றுக்கெல்லாம் முன்னால், வாரத்தில் ஒரு நாள் யாரும் ஓடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மைதானக் கதவைப் பூட்டிவிட வேண்டும்.

சார் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் சரிம்மா. இந்த ஓய்வுக்கு மட்டும் எந்தக் கம்பெனில கொட்டேசன் வாங்க? மூணு கொட்டேசன் இல்லாம யூனிவர்சிட்டில கையெழுத்துப் போடமாட்டானுவளே!"

ஆனால் பூட்டு ஒன்று வாங்க எழுதிப் போட்டுவிட்டார்.

நவம்பர் 24, ஞாயிறு

கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தேன். அம்மா இரண்டு தடவை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தூரமும் இல்ல, காய்ச்சலும் இல்ல. சும்மா படுத்துக் கெடக்கியா?"

"இன்னைக்கு ஓட்டம் கெடையாதும்மா."

"கெடையாதுன்னா?"

"கெடையாதுன்னா கெடையாது. இதுவும் பயிற்சிதான்."

"நல்ல பயிற்சிட்டி" என்றாள். காலை மட்டும் தூக்கித் தலையணையில் வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 4, புதன்

எந்த நேரமும் கிணற்றடி அறைக்குப் போக வேண்டியிருக்கும். பின்வாசலில் அந்தப் பூட்டு.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "அந்த நாள்லயும் நான் காலைல ஓடப் போவேன்ம்மா. எப்பவும்போல, அளவா. ஒடம்பு முடியாத நாள் படுத்துக்கிடுவேன். அது எந்த நாளுன்னு நாந்தான் சொல்லுவேன்."

துருவல் நின்றது. பிறகு, "இப்பவே போய்க்கிட்டுத்தான இருந்த?" என்றாள்.

எனக்குக் காது சூடேறிற்று. எப்போதிருந்து தெரியும்? கேட்கவில்லை. அவள் மறுபடியும் துருவ ஆரம்பித்தாள்.

டிசம்பர் 6, வெள்ளி

விடியலில் பின்வாசலுக்குப் போனேன். பூட்டு திறந்தபடி வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு, கோட்டயம்

ஓடி முடித்தாயிற்று. எங்கள் அணி பதினோராவது. நான் நூற்றுச் சொச்சம் பேரில் நடுவில் எங்கேயோ. ரப்பர் மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமும். எனக்கு முன்னாலும் பெண்கள், பின்னாலும் பெண்கள், எல்லா மாநிலத்துப் பெண்களும் மூச்சு வாங்குகிற ஒரே சத்தம். யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

கால் வலிக்கிறது. வலிக்க வேண்டிய வலி.

டிசம்பர் 22, ஞாயிறு

மார்கழி. கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கே ஆரம்பித்துவிட்டது. கோலம் போட என்னை எழுப்பவில்லை, அம்மாவே போட்டாள். நான் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்பா பேப்பரோடு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தாழ்ந்த குரலில்:

"அடுத்த வருசம் எந்த ஊர்லயாம்?"

"எது?" என்றாள் அம்மா.

"அதான். ஓட்டம்."

"எனக்கென்ன தெரியும். அவகிட்டயே கேளுங்க."

"தூங்குதாளே."

"எந்திரிச்சப்பொறவு கேளுங்க. இப்ப என்ன அவசரம்?"

அப்பா பேப்பரைச் சத்தம் வராமல் இருக்க மெதுவாகத் திருப்புவது கேட்டது.

நான் தூங்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.